தேர்தல் வந்தால் ஊருக்குப் போகிறவர்

"ஞானமுத்து போயிட்டான். தோக்கு எங்க இருக்குன்னு பாத்து ஸ்டேஷன்ல சொல்லிரு" என்றார் எங்கள் காவல் நிறுவனத்தின் மலையாளி முதலாளி. மனிதர் எப்படி இறந்தார் என்பதை நான் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலையில் இருக்கும்போது நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. முதலாளி துப்பாக்கியை முதலில் விசாரித்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவர் வேலைக்கு வைத்திருந்ததும் அதைத்தான்.

கேரளத்து உடும்பஞ்சோலையில் ஏலக்காய் வியாபாரிகளின் பண வண்டியில், தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு ஞானமுத்து அண்ணனைப் பார்த்திருப்பீர்கள். அது நிறுவனத்தின் துப்பாக்கி அல்ல. ராணுவத்திலிருந்து வந்தபின் தன் பெயரில் உரிமம் எடுத்து அவர் வாங்கியது. சொந்தத் துப்பாக்கி உள்ளவனுக்குத்தான் கன்மேன் வேலை. எம்.ஏ. படித்த நான் அங்கே காவலர்களுக்கு மேற்பார்வையாளன். அந்தத் துப்பாக்கிக் கட்டைக்கு இருந்த மரியாதை என் பட்டத்துக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இதைச் சொல்லிப் புலம்பினால் சிரிப்பார். "எனக்கும் இல்லப்பா. வேல துப்பாக்கிக்கு. நான் அதத் தூக்கிட்டு வந்த ஆளு."

அவர் வீடு எல்லைக்கு அந்தப்பக்கம் போடியில். உரிமமோ கேரளத்துக்குள் மட்டும் செல்லும். துப்பாக்கியோடு போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டினால் குற்றம். உரிமம் இல்லாதவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாலும் குற்றம். பலரும் வந்து படுக்கிற எங்கள் கொட்டகையில் விட்டுப்போக முடியாது. ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். அதற்குச் சட்டம் சம்மதித்தது, முதலாளி சம்மதிக்கவில்லை. "தோக்கில்லாதவனுக்கு இங்க என்ன பணி? வேற ஆள் ரெடியா நிக்கிறான்" என்பார். தமிழ்நாட்டிலும் செல்லும்படி உரிமத்தை மாற்றக் கேட்டு அண்ணன் அலைந்தார். கிடைக்கவில்லை.

மிஞ்சிய ஒரே வழி தேர்தல். தேர்தல் அறிவித்ததும் உரிமக்காரர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்போதுதான் அவர் வெறுந்தோளோடு போடி பஸ்ஸில் ஏறுவார். பிள்ளைக்குக் கோயிலில் புதுநன்மை கொடுப்பதானாலும், சாமியார் வந்து புதுவீடு மந்திரிப்பதானாலும் அதற்காகக் காத்திருந்தது. "மத்தவங்க முகூர்த்தம் பாப்பாங்க. நான் ஓட்டுத் தேதி பாக்குறேன்" என்பார். பஞ்சாயத்துத் தேர்தலைக்கூட அவரைப்போல ஆசையாக எதிர்பார்த்த கட்சிக்காரனை நான் கண்டதில்லை.

மகள் ஸ்டெல்லாவின் கல்யாணத்தையும் சட்டசபைத் தேர்தலைக் கணக்குப் பண்ணித்தான் வைத்தார். அந்த முறை பார்த்து, பண வண்டிக் காவலுக்கு விலக்கு வேண்டும் என்று முதலாளி எழுதிப்போட்டு வாங்கிவிட்டார். துப்பாக்கி ஒப்படைக்க வேண்டியதில்லை. எனவே ஆளும் போக வேண்டியதில்லை. "உனக்காகத்தான் அலைஞ்சேன். பணி முடங்கலை பாத்தியா" என்று அவரிடமே சொன்னார். அண்ணன் தலையாட்டினார். நான் அதை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

மாதா கோயிலில் ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனது அவருடைய தம்பி. அன்று வண்டிப் பணத்தை வங்கியில் சேர்த்ததும் நான் அண்ணனை ஜீப்பில் போடிமெட்டுக்குக் கூட்டிப்போனேன். மணமக்கள் காரில் மலையேறி வந்து, செக்போஸ்ட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கினார்கள்.

"அப்பா, அதக் கீழ வச்சிட்டு ரெண்டு கையாலயும் ஆசீர்வாதம் பண்ணுங்க."

"ரோட்டுல வைக்கக் கூடாதும்மா."

"குடுங்கண்ணே, நான் பிடிக்கிறேன்" என்றேன்.

"நீ பிடிச்சா ரெண்டு பேரும் உள்ள போவோம்."

மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, "மாமா, நான் இன்னும் ஒரு தப்பும் பண்ணலயே. அதுக்குள்ள துப்பாக்கியோடயா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அண்ணன் இடது கையால் துப்பாக்கி வாரைப் பிடித்தபடி வலது கையை மகள் தலையில் வைத்தார். பிறகு அதே கையை எடுத்து மாப்பிள்ளை தலையில் வைத்தார். அவள் கல்யாணப் பிரியாணித் தூக்குச்சட்டியை அவர் காலடியில் வைத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

கார் வளைவில் மறைந்ததும் அண்ணன் சாலையோரச் சுவரில் உட்கார்ந்தார். துப்பாக்கியை மடியில் குறுக்கே வைத்து ஒரு கையை அதன்மேல் ஊன்றிக்கொண்டார். காற்று பலமாக இருந்தது. நான் தட்டில் பிரியாணியைப் போட்டு அவர் முன்னால் பிடித்தேன். "உப்பு கொஞ்சம் கூடிருச்சு. தம்பி கவனிக்கல போல" என்றார். ஆனாலும் தட்டு காலியாகும்வரை மெதுவாகச் சாப்பிட்டார்.

அந்தத் தட்டைப் பிடிக்க எனக்கு யாருடைய உரிமமும் வேண்டியிருக்கவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சிறிது நேரம்தான்.