ஸபாவின் காதுக்குப் பின்னால்

இந்த ஊரில் விடிந்ததும் நான் செய்கிற முதல் வேலை ஒரு நாயின் உள்ளங்காலுக்கு மருதோன்றி அப்புவது. மீண்டும் ஒருமுறை வாசிக்க வேண்டாம், நீங்கள் சரியாகத்தான் வாசித்தீர்கள். கல்முனையில் கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணின் கைக்கு வைக்கிறோமே, அதே மருதோன்றிதான். கிண்ணத்தில் குழைத்து, நான்கு பாதங்களின் மெத்தைகளிலும் தடவி, காயும்வரை அவள் எழுந்து ஓடாமல் பக்கத்தில் குந்தியிருக்க வேண்டும். பாலை மணல் சுடும். மருதோன்றி பாதத்துத் தோலை இறுக்கும், வெடிப்பை மூடும் என்பது இங்குள்ளவர்களின் கைகண்ட வைத்தியம். அவளுக்குப் பெயர் ஸபா. கிழக்கிலிருந்து வீசும் காற்றின் பெயராம். முதல் நாள் அந்தக் கிண்ணத்தை என் கையில் தந்தபோது நான் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் நிதானம் வேண்டும், எனக்கு அதுகூட இருக்கவில்லை.

எழுபத்தெட்டுச் சூறாவளி எங்கள் கரையின் தென்னைகளையெல்லாம் பாதியில் முறித்துப் போட்டபோது என் மரங்களும் போயின. அதன் பிறகு கொழும்பில் ஒரு ஏஜென்சிக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்து, 'டிரைவர் வேலை, பெரிய இடம்' என்றான். அரபு நாட்டு விமான நிலையத்திலிருந்து ஐந்து மணித்தியாலம் மணலுக்குள் வந்து இறங்கினால், பேரீச்சை மரங்கள் சூழ்ந்த ஒரு தோட்டம், ஒரு நீளமான கூடம். எஜமானை இங்கே அர்பாப் என்பார்கள். அறுபது கடந்த மனிதர், தாடிக்குச் சாயம் பூசாதவர். அவர் கம்பளத்தில் சாய்ந்திருக்க, அவருடைய முழங்காலில் நாடியை வைத்துக்கொண்டு ஒரு நாய் படுத்திருந்தது. ஒட்டிய வயிறு, மான் கால்கள், காதுகளில் பெண்பிள்ளையின் கூந்தல் போல நீண்ட முடி. நாய் இருக்கும் வீட்டுக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று ஓதிக்கொடுக்கப்பட்டவன் நான். குர்ஆன் இறங்கிய மொழியைப் பேசுகிற மனிதர், அஸர் தொழுது முடித்த அதே கையால், அந்த நாயின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார். வாசலில் கழற்றிய செருப்பை மறுபடி காலில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்துவிடலாமா என்று கால் துடித்தது. எங்கே நடப்பது? சுற்றிலும் மணல்.

மத்ரஸாவில் படித்த அரபியை ஒன்று சேர்த்து, "கெல்ப்?" என்று கேட்டேன். நாயா என்பதுதான் அர்த்தம். அவருடைய முகம் கறுத்துவிட்டது. "கெல்ப் தெருவில் திரிவது. இவள் ஸலூக்கி. அல்லாஹ் தந்த வேட்டைத் துணை" என்றார். நான் டிரைவர் என்று சொல்லிப் பார்த்தேன். "ஆமாம், டிரைவர்தான். அவள் முன்னால் ஓடுவாள். நீ பின்னால் வண்டியை ஓட்டு" என்றார் முதியவர். கேலி இல்லை. ஏஜென்சிக்காரனும் பொய் சொல்லவில்லை, இன்றுவரை எனக்கு அதுதான் உத்தியோகம். காலையில் ஸபா மணலில் பறப்பாள். நான் வண்டியில் அவளைத் தொடர்வேன். பிறகு குளிர விட்டு, தண்ணீர் வைத்து, முடி சீவி, தீனி குழைத்துக் கொடுப்பேன்.

எங்கள் பக்கத்தில் நாய் என்றால் யார்? கல்முனைக் கடைத்தெருவில் கல்லெறி வாங்கிக்கொண்டு ஓடுகிறது. இறைச்சிக்கடைக் கழிவுக் கானுக்குள் தலையை விடுகிறது. வரிப்பத்தான்சேனைப் பக்கத்து வயல்களில் மட்டும் அதற்கு ஒரு வேலை உண்டு. கதிர் முற்றும் காலத்தில் காட்டுப்பண்டி விரட்ட அது வேண்டும். எறிந்த சோற்றைத் தின்றுவிட்டுக் காவல் குடிசைக்கு வெளியே படுக்கும். யாரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை. எங்களுக்கு இங்கிலீஷ் படிப்பித்த மெதடிஸ்த ஆசிரியர் ஒருவர் மட்டும் வீட்டு முற்றத்தில் தம்முடைய நாய்க்கு முடி சீவுவார். நாங்கள் வேலிக்கு வெளியே நின்று வயிறு நோகச் சிரிப்போம். அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். ஐயாவே, நான் சிரித்ததற்கு எனக்கு வந்த கூலியைப் பாருங்கள்.

நாங்கள் ஷாஃபி என்ற மத்ஹப், அதாவது மார்க்கச் சட்ட வழி. நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. இந்த முதியவருடைய மத்ஹப்பில் நாயின் உடம்பு அசுத்தமே இல்லை. இதைக் கேட்ட அன்று, ஒரே கிப்லாவை நோக்கித் தொழ நிற்கிற இரண்டு பேருக்கு நடுவில் இவ்வளவு பெரிய கடல் கிடக்கிறதா என்று திகைத்துப் போனேன். அவர் பாட்டுக்கு ஸபாவைத் தடவிவிட்டுத் தொழப் போவார். நான் குழாயடியில் நிற்பேன். காய்ந்த கை பட்டால் குற்றமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் பயத்துக்கு ஏது சட்டம்? பட்டாலும் கழுவினேன், படாவிட்டாலும் கழுவினேன். பாலை மணல் எங்கள் வயல் மண் போல மெத்தென்று இராது. அரம் போல அராவும். இரண்டு மாதத்தில் விரல் இடுக்குகளெல்லாம் வெடித்து இரத்தம் கசிந்தது. பட்டணத்துக்குப் போன நாளில் பாத்திரம் கழுவுகிற மஞ்சள் ரப்பர் கையுறைகள் கண்ணில் பட்டன. ஆறு சோடி வாங்கினேன். அதன் பிறகு முழங்கைவரை மஞ்சளாக நின்றுதான் ஸபாவுக்குச் சீவினேன். அல்ஹம்துலில்லாஹ், இனி அவளும் நலம், என் தொழுகையும் நலம் என்று நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி.

கோடை முற்றிய ஒரு காலையில் ஸபா ஓடவில்லை. வண்டிக்கு முன்னால் நாலு அடி வைத்தாள், நின்றாள், மணலில் மடிந்து விழுந்தாள். நான் வண்டியிலிருந்து குதித்து, கையுறையோடு அவளைத் தூக்கினேன். பஞ்சு போலக் கனமில்லாமல் இருந்தாள். அர்பாப் அவளுடைய உதட்டை விலக்கிப் பார்த்தார். பல்முரசு வெள்ளைக் கடதாசி நிறத்தில் இருந்தது. அவர் என் வலது கையைப் பிடித்து, அந்த மஞ்சள் உறையை விரல் விரலாக உருவி எறிந்தார். வெறுங்கையை அவளுடைய காதுமடலுக்குப் பின்னால், நீண்ட முடிக்கு உள்ளே கொண்டுபோய் வைத்து அழுத்தினார்.

என் விரல்களுக்குக் கீழே கொத்துக் கொத்தாக, பழுத்த ஈச்சம்பழங்கள் போல, உண்ணிகள். வீங்கி, மினுங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொரு நாளும் அதே இடத்தின் மேலாகத்தான் நான் சீப்பை இழுத்திருக்கிறேன். ரப்பருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. பாதத்தின் இடுக்குகளைத் தொட்டேன், அங்கேயும். அக்குளைத் தொட்டேன், அங்கேயும். என் உடம்பு கூசவில்லை, அதுதான் எனக்கே விளங்காத அதிர்ச்சி. கூசுவதற்குப் பதிலாகத் தலை குனிந்தது.

"அமானா" என்றார் அவர். ஒரே ஒரு சொல். அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்று என் வாப்பாவும் சொல்லுவார், என் ஊரும் சொல்லும். என் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளப்போய், கையில் தந்த உயிரை நான் சாகவிட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டணத்து மிருக வைத்தியர் ஊசி போட்டுவிட்டு, ஒரு கிழமை தாண்டினால் பிழைப்பாள் என்றார். அந்த ஒரு கிழமையில் நான் கற்றதைச் சொல்கிறேன். என்னைப் போல டிரைவராக வந்து நாய்க்கு முன்னால் நிறுத்தப்பட்ட தம்பிமார் இந்தப் பாலைகளில் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? உண்ணியைச் சுடாதீர்கள், நகத்தால் நசுக்காதீர்கள். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், மண்ணெண்ணெய் ஊற்றிய டின்னில் போடுங்கள். சீவுவதற்கு முன்னால் வெறுங்கையால் உடம்பு முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள்: காதின் பின்புறம், கழுத்துப்பட்டியின் அடி, கால் விரல்களின் நடு. சீப்பு முடியைத்தான் பார்க்கும், தோலைப் பார்ப்பது விரல். அடிக்கடி குளிப்பாட்ட வேண்டாம். குளிப்பாட்டினால் காதுக்குள் ஈரம் நிற்காமல் துடைத்துவிடுங்கள். நடுப்பகலில் நடத்திக் கூட்டிப் போகாதீர்கள். புறங்கையை மணலில் வைத்துப் பாருங்கள், உங்களால் பொறுக்க முடியாத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது. ஓடி வந்தவுடன் வயிறு முட்டத் தீனி வைக்காதீர்கள், மூச்சு அடங்கட்டும். சமைத்த கோழி எலும்பு கொடுக்கவே வேண்டாம், அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம் போட்ட நம் கறிச்சாறும் ஆகாது. நோயில் கிடக்கும்போது உப்பில்லாமல் அவித்த ஈரலை மசித்து, ஆட்டுப்பாலில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கடைவாயில் ஊற்றுங்கள். விழுங்கும்வரை தொண்டையைத் தடவிக்கொடுங்கள். வெறுங்கையால்.

ஐந்தாம் நாள் அவள் தானாகத் தலை தூக்கி என் உள்ளங்கையை நக்கினாள். ஈரம். சந்தேகத்துக்கு இடமில்லாத ஈரம். அர்பாப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கழுவினேன், ஏழு தரமும் கழுவினேன். ஆனால் உடனே எழும்பிப் போகவில்லை. அவள் நக்கி முடிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகுதான் போனேன்.

அந்த மாதம் ஊரிலிருந்து கசெற் வந்தது. கடிதத்தில் எழுத முடியாததை இப்போதெல்லாம் கசெற்றில்தானே பதிந்து அனுப்புகிறோம். என் மனைவி சுலைஹாவின் குரல்: "இஞ்ச, கேக்குதா உங்களுக்கு? ஓடுதா இது? சரி... அக்கரைப்பற்று ஆள் ஒருத்தர் லீவுல வந்து ஊரெல்லாம் கதைச்சிட்டுப் போயிட்டார். நீங்க நாய் பாக்கிறீங்களாம். நான் நம்பல்ல. டிரைவரெண்டுதானே நீங்க எழுதின? பொய்யெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, போதும்." அதன் பிறகு கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அவள் அழுதாளா, பக்கத்தில் தென்னோலை அசைந்ததா, தெரியவில்லை. ஒரு சொல் சொல்லலாமே என்று வெற்றுக் கசெற்றைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். நாடா கொஞ்சம் ஓடியதும் நிறுத்திவிட்டேன். நேரில் சொல்லிக்கொள்வோம் என்று விடுமுறை வரும்வரை இருந்தேன்.

விடுமுறையில் போய் இறங்கிய அன்றே எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடும் சோற்றுச் சஹனில் கை வைக்கும்போது சுலைஹாவின் காக்கா, என் மச்சான், தொடங்கிவிட்டார். "என்ன மச்சான், அரபு நாட்டில நாய்க்குத் தலை சீவுற டாக்குத்தராமே நீங்க! எங்கட ஊட்டுப் பூனைக்கும் ஒருக்கா வகிடு எடுத்து உடுங்களன்." எல்லோரும் சிரித்தார்கள். சுலைஹா மட்டும் சிரிக்கவில்லை. சஹனில் என் விரல்கள் இருந்த பக்கத்தைப் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். அந்தப் பார்வைக்கு நான் அன்று பதில் சொன்னேன்: "ஓம் புள்ள, நாய்தான் பாக்கிறன். ஹலாலான வேலை." அவள் ஒரு கறித்துண்டை என் பக்கம் தள்ளிவைத்தாள்.

மூன்றாம் நாள் மச்சான் சைக்கிளை விட்டு இறங்காமல் வேலிப் படலையடியில் நின்றார். "மச்சான், ஒரு கதை."

"கதைங்க."

"வயல்ல நிக்கிற நாய் ரெண்டு நாளா எழும்புதில்ல. பண்டி இறங்கி ஒரு துண்டு வெள்ளாமைய உழுதிட்டுப் போயிட்டு. இன்னும் பத்து நாள்ல கதிர் வெட்டு. அது செத்தா என்ட கதையும் முடிஞ்சிரும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆருக்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

"நாய்க்கு என்ன பேர்?"

"நாய்க்கு என்னத்துக்கு மச்சான் பேர்?"

சைக்கிள் பின் இருக்கையில் ஏறிக்கொண்டு வரிப்பத்தான்சேனைப் பக்கம் போனேன். கதிர் பழுத்து வரம்பில் சாய்ந்து கிடந்தது. குடிசை நிழலில் ஒரு செம்மறை நாய், விலா எலும்பு தெரிய. கொண்டுபோன இடுக்கியையும் மண்ணெண்ணெய் டின்னையும் எடுத்து வைத்துவிட்டு, குந்தியிருந்து காதுக்குப் பின்னால் வெறும் விரல்களை விட்டேன். இருந்தன. மச்சான் பத்தடி தள்ளி நின்று சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "அல்லாஹ்வே! மனிசன் கையாலயா தொடுறீங்க?" ஒவ்வொன்றாக இழுத்து டின்னில் போட்டேன். நாய் முதலில் பல்லைக் காட்டியது. பிறகு காட்டவில்லை. வெயில் சாய்ந்தபோது என் இடது மணிக்கட்டில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. "ரெண்டு நாளா முனகிக்கொண்டே கிடந்தது, இப்பதான் கண் மூடிக் கிடக்கு" என்றார் மச்சான். அவர் குரலில் முதல்தரமாகக் கேலி இல்லை.

ஊர்ப்பக்கமிருந்து அஸர் பாங்கு மெலிதாக வந்தது. மச்சான் வாய்க்காலில் சட்டியில் தண்ணீர் மொண்டு வந்தார். வரம்புச் சேற்றில் ஒரு பிடி எடுத்தார். "கையக் கொண்டாங்க மச்சான், தொழுவம்."

வலது கையை நீட்டினேன். என்மேல் படாமல், கைக்கு உயரத்திலிருந்து ஊற்றினார். சேற்றை உள்ளங்கையில் போட்டுத் தேய்க்கச் சொன்னார், மறுபடி ஊற்றினார், வாய்விட்டு எண்ணினார். ஏழாவதில் சட்டி வெறுமையாகிவிட்டது. "மற்றக் கை?" என்றார். அது நாயின் தலைக்குக் கீழே இருந்தது. எடுத்தால் விழித்துவிடும். "கொஞ்சம் பொறுங்க" என்றேன். அவர் வெறும் சட்டியோடு நின்றார். நான் கழுவிய கையைக் காற்றில் தூக்கிப் பிடித்தபடி, கழுவாத கையை அசைக்காமல், இரண்டுக்கும் நடுவில் குந்தியிருந்தேன்.