கார்டா, கேஷா?

"இந்த ஆபரேஷனுக்கு எவ்ளோ ஆகும்?" என்று ஆஸ்பத்திரி கவுண்டரில் நான் கேட்டபோதெல்லாம் பதில் வரவில்லை. கேள்விதான் திரும்பி வந்தது. "கார்டா, கேஷா?"

கார்டு என்றால் அரசு ஊழியர்களுக்கான காப்பீட்டு அட்டை. கேஷ் என்றால் மற்ற எல்லாரும்.

திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவனும் நான்தான், சம்பளம் என்று ஒன்றை வாங்கியவனும் நான்தான். மாசாமாசம் காப்பீட்டுக்கென்று சம்பளத்தில் பிடிப்பார்கள். அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை, கொஞ்சம் பெருமைகூட. கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் ஊரில், அம்மா அந்த அட்டையின் ஜெராக்ஸை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அதை எடுத்துக் காட்டுவாள். அவளுடைய பெயரும் அப்பாவின் பெயரும் அதில் அச்சாகி இருந்தன.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு அக்காவிடம் சொல்லி, அக்கா போனில் எனக்குச் சொன்னாள். கெட்ட கட்டி இல்லை, ஆனால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது, உடம்பில் ரத்தம் ரொம்பக் கம்மி, எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்து எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தை மாதத்தில் தேதி.

"கல்யாணம் முடியட்டும். அப்புறம் போய்ப் படுத்துக்கறேன்" என்றாள் அம்மா. அதில் யாருக்கும் தப்பாக எதுவும் படவில்லை, எனக்கும்தான்.

ஆபீசில் என் பக்கத்து சீட்டு அக்காதான் அதைக் கலைத்தது. டீ வந்த நேரத்தில் பேச்சுவாக்கில் கேட்டது.

"அம்மாவுக்கு எப்ப தம்பி ஆபரேஷன்?"

"கல்யாணம் முடிஞ்சதும்க்கா."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தது. "கல்யாணம் ஆயிட்டா அம்மா அப்பா பேரு உன் கார்டுல இருக்காதுப்பா. தெரியுமா, தெரியாதா?"

அக்கா எப்போதும் கிண்டல் பேசுகிற ஆள். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"உனக்குக் கல்யாணம் ஆவாத வரைக்கும்தான் அவங்க உன் குடும்பம். அப்புறம் பொண்டாட்டி, புள்ளைங்க. கவர்மெண்ட் ஆர்டர், ஜி.ஓ.வுல தெளிவா இருக்கு. ஊருக்கெல்லாம் ஜி.ஓ. எடுத்துத் தர்ற, உனக்கு வந்தத படிக்க மாட்டியா?"

அன்றிலிருந்து என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கார்த்திகை தீபத்துக்கு ஊரே அடைந்து கிடந்தது. ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போக ஊரைச் சுற்ற வேண்டியிருந்தது. பெரியாஸ்பத்திரி வேண்டாம் என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். "மாசாமாசம் உன் சம்பளத்துல புடிக்கிறான் இல்ல? அது என்னாத்துக்கு?"

முதல் ஆஸ்பத்திரியில் கார்டு என்றேன்.

"அட்மிஷன் போடுங்க சார். நாங்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அப்ரூவல் கேட்டு அனுப்புவோம். வந்தாதான் தெரியும்."

"அப்ரூவல் கம்மியா வந்தா?"

"டிஃபரன்ஸ் நீங்க பாத்துக்கணும்."

"டிஃபரன்ஸ் எவ்ளோ வரும்?"

"அப்ரூவல் வந்தாதான் தெரியும் சார்."

இரண்டாவது ஆஸ்பத்திரியிலும் இதே பேச்சு, இதே வார்த்தைகள். மூன்றாவதுக்குள் நுழையும்போது கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கேஷ் என்றேன். கவுண்டரில் இருந்த பெண் தலையைக்கூடத் தூக்காமல் ரூம், டாக்டர், மருந்து எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னாள். எனக்கு மூச்சு வந்தது.

"இதே ஆபரேஷன் கார்டுல பண்ணா எவ்ளோ மேடம்?"

இப்போது தலையைத் தூக்கினாள். என் பைக்கு வெளியே அடையாள அட்டையின் நீல நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

"கார்டு இருக்கா சார்? மொதல்லயே சொல்லக் கூடாதா? அப்ரூவல் வந்தாதான் தெரியும்."

பௌர்ணமி கிரிவலம் வந்தால் திருவண்ணாமலை லாட்ஜ்காரர்கள் வாடகையைக் கண்டபடி ஏற்றுவார்கள். ஆனால் ஏற்றியதை வாயால் சொல்வார்கள். கட்டுப்படியானால் தங்கலாம், இல்லையென்றால் பிளாட்பாரத்தில் துண்டை விரிக்கலாம். நானே காசு கட்டி வாங்கிய அட்டை கையில் இருக்கும்போது மட்டும் என்னிடம் விலை சொல்ல ஆளில்லை. வண்டியில் திரும்பும்போது இதையே யோசித்துக்கொண்டு வந்ததில் ஒரு வேகத்தடையைக் கவனிக்கவில்லை, வண்டி தூக்கிப்போட்டது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அதைவிடப் பெரிய பாடு. நான் கல்யாணம் பண்ணிக்கொண்டால் நீ என் குடும்பம் இல்லை என்று எந்த வாயால் சொல்ல? ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மா விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் உரித்தேன். பாதி முறத்துக்குப் பிறகு சொன்னேன்.

உரித்த கையோடு நிமிர்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"மருமவ வந்து என்னைத் தள்ளி வெக்கறதுக்குள்ள கவர்மெண்டே தள்ளி வெச்சிடுதா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலியும் வந்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தாள். தண்ணி குடிக்க உள்ளே வந்த அப்பா, சொம்போடு நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

"எவ்ளோ ஆவும்?"

"தெரியலப்பா. யாரும் சொல்ல மாட்டேன்றாங்க."

"மேல எவ்ளோ கேப்பாங்கனு கூடவா தெரியாது?"

"தெரியல."

சொம்பை வைத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதா என்று சம்பந்தி வீட்டில் முணுமுணுப்பார்களோ என்று அம்மாவுக்குக் கவலை. நான் கட்டிக்கப்போகிற பெண்ணுக்கே போன் போட்டுச் சொன்னேன். "எங்க வீட்ல நான் பாத்துக்கறேன். அவங்க சேர்ல உக்காந்து கல்யாணத்தப் பாக்கட்டும், என்னா இப்ப?" என்றாள். பாதி பாரம் அங்கே இறங்கியது.

தீபக் கூட்டம் வடிந்ததும், அந்த மூன்றாவது ஆஸ்பத்திரியிலேயே அம்மாவைச் சேர்த்தோம். கார்டில்தான். மறுநாள் அவளுக்குப் பச்சை அங்கி மாட்டி, தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னைக் கவுண்டருக்குக் கூப்பிட்டார்கள். கவுண்டரும் பெஞ்சும் எதிரெதிரே.

"அப்ரூவல் வந்துடுச்சி சார். டிஃபரன்ஸ் கட்டிட்டீங்கனா உள்ள அனுப்பிடலாம்." தொகையைச் சொன்னாள்.

"மொத்தம் எவ்ளோ, எவ்ளோ அப்ரூவ் ஆச்சு? எழுதிக் குடுங்க மேடம்."

"அது எங்களுக்கும் கம்பெனிக்கும் நடுவுல சார். எழுதிக் குடுக்கற வழக்கம் இல்ல."

பெஞ்சிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மொத்தம் எவ்ளோனு சொல்லாம நான் உள்ள வர மாட்டேம்மா."

இன்றைக்கு விட்டால் அடுத்து எப்போது டாக்டர் வருவார்? பத்திரிகை அடித்தாகிவிட்டது, தை பக்கத்தில் நிற்கிறது. "யம்மா, எழுந்திரு. நான் பேசிக்கறேன்" என்று கையைப் பிடித்தேன். கை ஐஸ் மாதிரி இருந்தது. அவளுக்குப் பயம். விலையைக் கேட்பதில் பாதி அந்தப் பயம்தான் என்று அப்போது தெரிந்தாலும், எனக்குக் கோபம் அடங்கவில்லை.

நர்ஸ் வந்தாள். "டாக்டர் வெய்ட் பண்றாரு, வாங்க பாட்டி."

"பாட்டியா? எம் புள்ளைக்கு இன்னும் கல்யாணமே ஆவல!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "எங்களுக்கும்தான் எவ்ளோனு சொல்லல" என்றது. இன்னும் யாரோ "ஆமா" என்றார்கள். உள்ளிருந்து மேனேஜர் வேகமாக வந்து என்னைத் தனியாகக் கூட்டிப்போனார். தணிந்த குரலில், "சரி சார், சொன்னதுல பாதி கட்டுங்க" என்றார்.

"ரசீது?"

"மருந்து பில்லா போட்டுத் தர்றேன்."

கட்டினேன். "பாதியா கொறச்சிட்டாங்கம்மா" என்று அம்மாவிடம் சொன்னதும் எழுந்து போய்விட்டாள். தியேட்டர் கதவு மூடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எதில் பாதி? கேட்டால் குறைகிற காசு, கேட்காமல் இருந்திருந்தால் எந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்? உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அந்த வராண்டாவில் நடந்துகொண்டே இருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. தை மாதம் அம்மா மண்டபத்தில் முன்வரிசைச் சேரில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பங்கு வேலையையும் சேர்த்து அப்பாதான் ஓடினார். அண்டா தூக்கினார், அரிசி மூட்டை இறக்கினார். நடுநடுவே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அசதி என்று நினைத்தேன்.

கல்யாணம் முடிந்து, என் மனைவியின் பெயரைக் கார்டில் சேர்க்கக் கொடுத்து, அம்மா அப்பா பெயர்கள் நீங்கிய பிறகு ஒருநாள் அம்மா போன் செய்தாள். அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. போய்ப் பார்த்தால் குடலிறக்கம். இடுப்பில் ஒரு பழைய துண்டை இறுக்கிக் கட்டிச் சமாளித்திருக்கிறார்.

"எத்தினி நாளாப்பா?"

"மல்லாட்ட புடுங்கனதுல இருந்து."

அம்மாவுக்கும் முன்னால். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அப்பவே சொல்லியிருக்கலாமே! உம் பேரும் கார்டுல இருந்துச்சே!"

"எவ்ளோ ஆவும்னு கேட்டேன் இல்ல? தெரியலன்ன. உங்கம்மாவுக்கே எங்க போய் நிக்கும்னு தெரியல. கல்யாணச் செலவு வேற. அதுல நானும் சேந்து படுத்துக்கிட்டா நீ என்னாடா பண்ணுவ?"

அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனோம். ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் மனைவி, நடுவில் அப்பா. அதே கவுண்டர், அதே பெண்.

"கார்டா, கேஷா?"

"கேஷ்" என்றேன்.

தலையைத் தூக்காமல் தொகையைச் சொன்னாள். அப்பா என் தோளில் இருந்த கையைத் தளர்த்தினார்.

"பரவால்லடா," என்றார், "ஒடனே சொல்லிடறாங்களே."