கம்பெனி கேட்காத கண்டிஷன்

மும்பை செம்பூரில் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் பல வருஷம் ப்ளேஸ்மென்ட் ஆபீசராக இருந்தேன். இனி அந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர்களுக்கு என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன். சாமர்த்தியங்களைச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

மும்பையில் ஒரு பேப்பரில் ஃபெயிலானால் அதற்கு கே.டி. என்று பெயர். மறுபடி எழுதிப் பாஸ் செய்துவிட்டால் விஷயம் முடிந்தது. என் கணக்கில் அது முடியாது. ஒரே ஒரு தடவை கே.டி. வாங்கியிருந்தாலும் கம்பெனிக்கு அனுப்பும் லிஸ்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன். காலேஜை மட்டமாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான். அதற்குத் தரம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்த வருஷம் கடைசியாக வந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்கு லிஸ்ட் போய்விட்டது. மறுநாள் இன்டர்வியூ. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கும்போது ஷமீமா வந்து நின்றாள். கம்ப்யூட்டர் பிரிவில் கடைசி வருஷம். தாராவியில் அவள் வாப்பா லெதர் பை தைக்கும் கார்கானா வைத்திருந்தார்.

"சார், எம் பேரு லிஸ்ட்ல இல்லயே."

"உனக்கு செகண்ட் இயர்ல மேத்ஸ் கே.டி. இருக்கேம்மா."

"அத அடுத்த செமஸ்டர்லயே க்ளியர் பண்ணிட்டம்லா. இப்ப பாக்கி இருக்கக் கூடாதுன்னுதான சார் கம்பெனி போட்டிருக்கு?"

போனை நீட்டினாள். சயானில் வேறு காலேஜில் படிக்கும் தோழி அனுப்பியது. என் இன்பாக்ஸில் இருந்த அதே மெயில்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ரூல்ஸ் நீ எனக்குச் சொல்லித் தரியா?"

"இல்ல சார். இந்தக் கம்பெனியும் போயிட்டுன்னா வாப்பா என்னய கார்கானாவுல ஆர்டர் எழுத உக்கார வச்சிருவாங்க. அதான் கேக்கேன்."

அவள் நகரவில்லை. டப்பாவை மூடிவிட்டு, அவள் எதிரிலேயே கம்பெனி ஹெச்.ஆர். அம்மாளுக்கு போன் செய்தேன். பாஸ் செய்தவர்களை ஏன் நிறுத்தி வைத்தீர்கள் என்று அந்த அம்மாள் இந்தியில் கேட்டார். எடுத்த பெயர்கள் எல்லாவற்றையும் உடனே அனுப்புகிறேன் என்றேன்.

நான் எடுத்திருந்த பெயர்கள் பதினொன்று. எல்லோரும் போனார்கள். மூன்று பேருக்கு வேலை கிடைத்தது, ஷமீமா உட்பட. எந்தப் பை கட்டிங்கில் இருக்கிறது, எது தையலில் இருக்கிறது என்று பார்க்க கார்கானாவுக்கு அவளே ஒரு ஆப் செய்திருந்தாளாம். இன்டர்வியூவில் பேச்சுவாக்கில் அதைச் சொல்லப்போக, பிறகு அதைப் பற்றித்தான் கேட்டார்களாம். வீட்டு வேலைதானே என்று ரெஸ்யூமேயில் அவள் போடவில்லை. நானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து கம்பெனி மெயிலை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பெயர் ஏன் இல்லை என்று கேட்க வருகிறவர்களை முதலில் உட்காரச் சொல்லுங்கள்.

வேலை கிடைத்ததும் ஸ்வீட் பாக்ஸோடு வந்த ஷமீமாவிடம், "நான்தாம்மா உனக்குத் தேங்க்ஸ் சொல்லணும்" என்றேன். அவள் தயங்கினாள்.

"எங்க அண்ணன் நஸீரும் இங்கதான் சார் படிச்சான். அவனுக்கும் ஒரே ஒரு கே.டி.தான். பேரு வரலன்னதும் யார்கிட்டயும் கேக்காம கார்கானாவுக்குப் போயிட்டான்."

அவன் நம்பரை வாங்கி உடனே போன் அடித்தேன். "தப்பு என்னுதுப்பா. உன் பேரை நான்தான் எடுத்தேன். கம்பெனி எடுக்கச் சொல்லல."

"மிஷின் ஓடுது சார். இருங்க, நிறுத்திட்டு வாரேன்."

சத்தம் நின்றது. மறுபடி முழுவதையும் சொன்னேன்.

"நான் லாயக்கில்லாதவன்னுல்லா சார் இத்தன நாளும் நெனச்சிட்டிருந்தேன்" என்றான்.

பிறகு அவனே, "ரெஸ்யூமே அனுப்பட்டுமா சார்?" என்று கேட்டான். அவன் என்னைத் திட்டியிருக்கலாம். கேட்டானே, அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது.