கட்டுக்கு ஒரு மடக்கு

பெருமாநல்லூர் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் தைக்கும் சித்ரகலாவுக்கு ஒரு கிட்னிதான் வேலை செய்கிறது. இன்னொன்று கல் அடைத்து, அடைத்தது தெரியாமலே சுருங்கிப்போய்விட்டது. தெரியாமலே என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. முதுகு வலிக்கத்தான் செய்தது. நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறவளுக்கு முதுகு வலிக்காமல் வேறென்ன செய்யும் என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுநாளும் மிஷினில் போய் உட்கார்ந்தாள். அவளை மட்டும் சொல்லி என்ன, அந்தத் தையல் மிஷின் லைனில் எல்லோரும் அப்படித்தான்.

காங்கேயம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் பிசிர் வெட்டச் சேர்ந்தவள். முதல் வாரத்தில் அவள் கற்றுக்கொண்டது இரண்டு விஷயம். ஒன்று, துணியில் ஓட்டை விழாமல் நூல் பிசிரை வெட்டுவது. மற்றது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது. லைனுக்கு ஒரு டோக்கன் உண்டு. சிவப்பு பிளாஸ்டிக் தகடு. சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். பாத்ரூம் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது ஆணிக்குத் திரும்பும்வரை வேறு யாரும் எழுந்திருக்கக் கூடாது. யாராவது அதை எடுக்கப் போனால் லைன் மொத்தமும் தலையை நிமிர்த்திப் பார்க்கும். இந்தக் கண்றாவியே வேண்டாம் என்று பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். காலையில் ஒரு காபி, சோற்றோடு ஒரு மடக்குத் தண்ணீர், அதோடு சரி. குடித்தால்தானே எழுந்திருக்க வேண்டும்?

ஒரு நாள் மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் குறைந்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகிவிடாது. சித்ரகலா வருஷக்கணக்காகக் குறைத்தாள். பிசிர் வெட்டியவள் டைலருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகி, கைமடி டைலராகி, மகளைக் காலேஜ் வரைக்கும் கொண்டுவந்த அத்தனை வருஷமும் குறைத்தாள்.

ஒரு நாள் வலி தாங்காமல் மிஷின் மேலேயே கவிழ்ந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா ஸ்கேனைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பட்டென்று சொன்னார்.

"இடது பக்கம் போனது போச்சுங்க. வலது பக்கமும் பொடிக்கல்லு உருவாயிட்டு இருக்குது. அதையும் உட்டீங்கன்னா அப்புறம் ஆயுசுக்கும் டயாலிசிஸ்தான். தண்ணி குடிக்கோணும், நாள் பூரா. ஆறு மாசம் கழிச்சு வாங்க, பாக்கலாம்."

புருஷன் மோகன்ராஜ் நூல் மூட்டை ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். வரும் வழியில் வண்டியை மெதுவாக விட்டுக்கொண்டே, "வேலைய உட்டுரு" என்றார்.

"உட்டுட்டு?" என்றாள் அவள்.

அவர் கியரை மாற்றி வண்டியை வேகமாக விட்டார்.

மறுநாள் ஒரு பாட்டிலோடு கம்பெனிக்குப் போனாள். போன வேகத்தில் பாதியைக் குடித்தாள்; பழகாத வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. அன்று சாயங்காலம் அவளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். வெட்டிய துணி கட்டுக்கட்டாகத்தான் டைலருக்கு வரும், ஒவ்வொரு கட்டையும் ஒரு துண்டுத் துணியால் கட்டியிருப்பார்கள். அந்த முடிச்சை அவிழ்க்கும்போது ஒரு மடக்கு. அடுத்த கட்டு, அடுத்த மடக்கு. கட்டை மறக்கிற டைலர் உலகத்தில் கிடையாது. ஆகவே தண்ணீரையும் மறக்க முடியாது.

தண்ணீர் உள்ளே போனால் வெளியே வராமல் இருக்குமா? டோக்கனை எடுக்க அடிக்கடி எழுந்தாள். இவள் பனியனின் தோளை மூட்டி அனுப்பினால்தான் பக்கத்து மிஷினில் நஞ்சம்மாள் கழுத்துப்பட்டி வைக்க முடியும். இவள் எழுந்தால் அவள் கை சும்மா கிடக்கும். நஞ்சம்மாள் இவளுக்கு மூத்தவள், வாய் நீளம்.

"ஏங்கண்ணு, உன்ற கிட்னிக்கு நானா காவல் கெடக்கறது? பீஸ் வராம ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கறேன்" என்றாள், லைன் முழுக்கக் கேட்கும்படி. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சித்ரகலாவுக்கு அவமானத்தில் காது சுட்டது. அன்றைக்கு மிச்ச நேரம் பாட்டிலைத் தொடவேயில்லை.

வீட்டுக்குப் போய் அழுதாள். அழுதுமுடித்த பிறகு கோபம் வந்தது. தன்மேல்தான். யாரோ சிரித்ததற்காக உள்ளதையும் பறிகொடுப்பேனா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதன்பின் காலையில் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பினாள். மணி அடிக்கிறதற்குள் ஒரு கட்டைத் தைத்துமுடித்து நஞ்சம்மாளின் பக்கத்தில் வைத்துவிடுவாள். இவள் எழுந்து போகிற நேரத்தில் அந்தக் கட்டு நஞ்சம்மாளின் கைக்கு வேலை கொடுக்கும். நஞ்சம்மாள் அதை இழுத்து வைத்துத் தைத்தாள். திட்டுவதையும் நிறுத்தினாள். அவளிடமிருந்து அதுவே பெரிது.

இப்படியே மாதங்கள் போயின. சித்ரகலாவின் முகத்தில் இருந்த வீக்கம் வடிந்தது. தைல டப்பா அலமாரியில் கிடந்து காய்ந்தது. கணக்கு வைக்காமலே, முடிச்சைக் கண்டால் கை தானாகப் பாட்டிலுக்குப் போனது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஸ்கேன் பார்த்தால்தானே தெரியும்? அந்தத் தேதி நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஸ்கேனுக்கு முந்தின வாரம் வெள்ளைத் துணி ஆர்டர் வந்தது. சூப்பர்வைசர் கந்தவேல் சின்ன வயசுக்காரன், மேலே இருப்பவர்களுக்குப் பயந்தவன். வந்ததும் வராததுமாக, "வெள்ளை ஓடுதுங்க. ஒரு சொட்டு பட்டாலும் கறை, பீஸு டேமேஜ். பாட்டிலெல்லாம் வெளிய வெச்சிருங்க" என்று சொல்லி, அவளுடைய பாட்டிலை அவனே எடுத்துக்கொண்டுபோய்ப் படிக்கட்டில் வைத்தான். ஷிப்மென்ட் அவசரம் வேறு. டோக்கன் ஆணியில் இல்லை, அவன் சட்டைப்பையில் இருந்தது.

முதல் நாள் பொறுத்தாள். முடிச்சை அவிழ்க்கும்போதெல்லாம் கை வெறும் இடத்தைத் தடவித் திரும்பியது. இரண்டாம் நாள் முற்பகலில் இடுப்புக்கு மேலே, வலது பக்கம், சுருக்கென்று குத்தியது. அந்த வலி அவளுக்குத் தெரியும். இடது பக்கமும் இப்படித்தான் ஆரம்பித்தது. பயத்தில் கால் மிதியிலிருந்து நழுவி, மிஷின் நின்றது.

எழுந்து கந்தவேலின் மேஜைக்குப் போனாள்.

"டோக்கன் குடுங்க தம்பி. தண்ணியும் குடிச்சுட்டு வந்தர்றேன்."

"அக்கா, மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்கங்க. வண்டி வாசல்ல நிக்குது."

"பொறுத்துப் பொறுத்துத்தான் ஒண்ணு போச்சுங்க. இன்னொண்ணுக்கும் பொறுக்க முடியாதுங்க."

"சொன்னாப் புரிஞ்சுக்கங்க. இப்ப போனீங்கன்னா நாளைக்கு இந்த மிஷின்ல வேற ஆளு உக்காரும். நீங்க ஒருத்தர் எந்திரிச்சா லைனே நிக்குதுங்க."

மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எல்லோரும் பார்த்தார்கள். வேலையா கிட்னியா என்று இப்படி நட்டநடுவில் நிறுத்திவைத்துக் கேட்பார்கள் என்று சித்ரகலா நினைத்ததில்லை. மகளின் முகம் நினைவுக்கு வந்தது. திரும்பிப்போய் உட்கார்ந்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அப்போது நஞ்சம்மாளின் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"எங்கீங்க நிக்குது?" என்றாள், தைத்துக்கொண்டே. "காலையில வந்து தெச்சு வெச்ச கட்டு எனக்குப் பக்கத்துலதான் கெடக்குது. அது தீர்றதுக்குள்ள அவ வந்துருவா. டோக்கனக் குடுங்க."

கந்தவேல் அந்தக் கட்டைப் பார்த்தான். பையிலிருந்து டோக்கனை எடுத்து மேஜைமேல் வைத்தான். சித்ரகலா படிக்கட்டில் நின்று, வெயிலில் சூடேறிய தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள்.

மறுநாளும் அவள் மிஷினில் அவளேதான் உட்கார்ந்தாள். பாட்டில் மேஜைக்கு அடியில் ஒரு பழைய கூடைக்குள் இருந்தது. கந்தவேல் பார்த்தும் பார்க்காததுபோல் போனான்.

அடுத்த வாரம் டாக்டரம்மா ஸ்கேனை வெகுநேரம் பார்த்தார். மோகன்ராஜ் வேன் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு நின்றார்.

"பொடிக்கல்லு போயிருச்சு. அன்னைக்குக் குத்துனது அது வெளியேறுன வலியாத்தான் இருக்கும். கிட்னி நல்லா இருக்குதுங்க. என்ன மருந்து சாப்ட்டீங்க?"

"மருந்தெல்லாம் இல்லீங்க. கட்டுக்கு ஒரு மடக்குத் தண்ணி" என்றாள் சித்ரகலா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலை வழக்கம்போல மணிக்கு முன்னால் போனாள். விளக்கு பாதிதான் போட்டிருந்தார்கள். நஞ்சம்மாள் அவளுக்கும் முன்னால் வந்து மிஷினில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் நடக்காத காரியம்.

"ஸ்கேன் என்னாச்சு?"

"நல்லா இருக்குதுன்னு சொல்லீட்டாங்கக்கா."

"ம்" என்றாள் நஞ்சம்மாள். நூல்கண்டைத் திருப்பித் திருப்பி வைத்தாள். அப்புறம் யாரும் வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கண்ணு, உனக்கு மொதமொதல்ல எந்த எடத்துல வலிச்சுது?"

சித்ரகலா திரும்பிப் பார்த்தாள். நஞ்சம்மாளின் ஒரு கை இடுப்புக்கு மேலே, முதுகை அழுத்திப் பிடித்திருந்தது. சேலையில் அந்த இடத்தில் தைலம் ஊறிய கறை இருந்தது.

சித்ரகலா கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, நஞ்சம்மாளின் கையில் கொடுத்தாள்.

"மொதல்ல குடிங்கக்கா. ஞாயித்துக்கெழம உங்களக் கூட்டிட்டு டாக்டரம்மாகிட்டப் போலாம்."