வால்புர்கா சொன்ன முகட்டு வழி

டிரோல் மலையில், மரங்கள் முளைக்காத உயரத்தில், மலை நடைக்காரர்கள் இரவு தங்கும் குடில் ஒன்றைக் கல்யாணமான வருடத்திலிருந்து நடத்தி வருகிறாள் வால்புர்கா. உழைப்பில் குறை சொல்ல முடியாது. பொறாமைதான் கொஞ்சம் அதிகம். கொஞ்சம் என்ன, வயிறு முழுக்க அதுதான்.

காரணம், அரை நாள் நடையில் இருக்கும் அடுத்த குடில்காரி ரோஸ்விதா. அவள் பிய்த்துப்போட்டுத் தரும் முட்டை அப்பத்தை, அந்தப் பக்கமிருந்து வருகிறவர்கள் வால்புர்காவின் சூப்பைக் குடித்துக்கொண்டே புகழ்வார்கள். கேட்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

சாப்பாடு முடிந்ததும் விருந்தாளிகள் வரைபடத்தை விரித்து மறுநாள் நடைக்குத் திட்டம் போடுவார்கள். அதில் குடில்காரி சொல்வதே முடிவு. வால்புர்கா தன் கைவரிசையைக் காட்டுவதும் அப்போதுதான்.

போன ஜூலையில் மியூனிக்கிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் அன்யா என்ற பெண் கேட்டாள்: "பள்ளத்து வழியா போனா, மத்தியானம் ரோஸ்விதா குடில்ல சாப்பிட்டுட்டு ராத்தங்கலுக்குப் பெரிய குடில் போயிடலாம்ல?"

"அது மாடு போற வழிம்மா. முகட்டு மேல போங்க, பனியாறு முழுசாத் தெரியும். ரொட்டி நான் கட்டித் தரேன்."

"நாளைக்கு இடி இருக்குன்னாங்களே," என்றான் அடுப்படியிலிருந்து புருஷன் லோரென்ஸ்.

"நீ பாத்திரத்தைக் கழுவு."

மறுநாள் மத்தியானம் வானம் பிளந்துகொண்டு கொட்டியது. முகட்டில் பிடித்து நடக்க இரும்புக் கயிறுதான் உண்டு, மின்னல் முதலில் தேடி வருவதும் அதைத்தான். சாயங்காலம் பெரிய குடிலிலிருந்து போன் வந்தது. நாலு பேரும் வந்து சேரவில்லை. வால்புர்கா வாசலுக்கு ஓடி முகட்டைப் பார்த்தாள், மேகம் மூடியிருந்தது. மேகத்துக்குள் ஹெலிகாப்டர் வராது. முகட்டுக்குக் கிட்டே இருப்பது ரோஸ்விதாவின் குடில் ஒன்றுதான்.

அவளோடு பேசுவதெல்லாம் எப்போதும் லோரென்ஸ்தான். இன்று அவன் போனை இவள் கையில் வைத்தான். "அனுப்பினவ நீ. நீயே கேளு."

"ரோஸ்விதா... முகட்டுல நாலு பேர்..."

"இங்கதான் இருக்காங்க. அடுப்புப் பக்கத்துல உக்காந்து துணி காயவச்சுக்கிட்டு இருக்காங்க. ஒருத்தருக்குக் கால் பிசகியிருக்கு, மத்தபடி ஒண்ணுமில்ல."

வால்புர்கா சுவரில் சாய்ந்து அழுதாள். உயிர் வந்தது அவளுக்குத்தான்.

"எப்படிடி கண்டுபிடிச்சே?"

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? என் வாசலை மிதிக்க விடக்கூடாதுன்னு நீ அந்த வழியாத்தானே அனுப்புவே. அதான் மேகம் கட்டுனா எங்க வீட்டுக்காரர் கயிறும் போர்வையும் எடுத்துக்கிட்டு முகட்டுக்கு ஏறிடுவாரு. வருஷக்கணக்கா இதேதான்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நிறுத்தியிருப்பியா?"

வால்புர்காவுக்கு வெட்கத்தில் காது சிவந்தது. அதோடு, அப்பத்தில் தோற்றது போதாதென்று நல்ல மனசிலும் அவளிடம் தோற்றுவிட்டோமே என்று வயிறு முன்னைவிடப் பற்றி எரிந்தது.

அன்று வந்திருந்தவர்கள் சாப்பாடு முடித்து வரைபடத்தை விரித்தார்கள். வால்புர்கா கிட்டே போய்ப் பள்ளத்து வழியில் விரலை வைத்தாள்.

"இப்படிப் போங்க. மத்தியானம் ரோஸ்விதான்னு ஒருத்தி இருப்பா. அப்பம் நல்லா பண்ணுவா."

கடைசி மூன்று வார்த்தைகளைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது.