மேசைமேல் எண்ணப்பட்ட கெர்னல்

2013-இல் எங்கள் நிறுவனம் செய்த பெட்டி குளச்சலில் முப்பது தூண்டில் வள்ளங்களில் ஒவ்வொன்றிலும் இருந்தது. செங்கல் அளவுதான் இருக்கும். உள்ளே சிறிய கணினி, வெளியே உள்ளங்கையளவு திரை. செயற்கைக்கோள் சிக்னலை வாங்கி, கடலில் வள்ளம் நிற்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும். நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடியறையில் நாங்கள் நான்கு பேர் வேலை பார்த்தோம். தலைமை அலுவலகம் வேறு ஊரில். அந்தப் பெட்டியின் கெர்னல், அதாவது மற்ற மென்பொருள் எல்லாவற்றையும் தாங்கும் அடிப்படை நிரல், என் பொறுப்பு.

முப்பது பெட்டிகளும் அங்கே போனதற்குக் காரணம் ஒரே ஒரு வள்ளத்துக்காரர். எட்டு வருடம் வளைகுடாவில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் இருந்துவிட்டு வந்து சொந்தமாக வள்ளம் வாங்கியவர். மீனவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்தப் பெட்டிக்கு நான் பொறுப்பு என்று சொன்னார். அவர் வாய்ச்சொல்லை நம்பித்தான் மற்ற இருபத்தொன்பது பேரும் வாங்கினார்கள்.

அந்த வருடம் செப்டம்பரில் பெட்டிகளுக்குப் புதிய பதிப்பு ஏற்றினோம். நான்காம் நாள் அவரிடமிருந்து போன்.

"மேடம், ஒங்க பெட்டி ஒறங்கி எழும்புததுக்கு இப்ப ரொம்ப நேரம் எடுக்கு, கேட்டியளா. சங்கத்துல எனக்க தலய உருட்டுதானுவ."

"எவ்வளவு நேரம் அண்ணே?"

"ஒரு ஜெபம் சொல்லித் தீத்திரலாம். இந்த ஞாயிறு கழிஞ்சி அடுத்த ஞாயிறு கூட்டம். பெட்டிய எல்லாம் திருப்பிக் குடுக்கணும்னு தீர்மானம் கொண்டாறானுவ. நான் எந்த மொகத்த வச்சிட்டு அங்க இருப்பேன்?"

மறுநாள் காலையில் ஸ்டாப்வாட்சுடன் குளச்சலுக்குப் போனேன். பழைய பதிப்பு எழுந்திருக்க இருபத்திரண்டு விநாடி என்று என் நோட்டில் இருந்தது. புதியது முப்பத்தொன்று. மூன்று வள்ளங்களில் அளந்தேன்; மூன்றிலும் அதுவே.

ஒன்பது விநாடி என்ன பெரிய விஷயம் என்று கரையில் இருப்பவர்களுக்குத் தோன்றும். கடலடியில் பாறை கிடக்கும் இடத்தை அவர்கள் மடை என்பார்கள். மீன் அங்கேதான் கூடும். ஒவ்வொரு வள்ளத்துக்கும் சொந்தமாகக் கண்டுபிடித்த மடைகள் உண்டு, அவற்றை யாருக்கும் காட்ட மாட்டார்கள். வேறு வள்ளம் நெருங்கி வந்தால் முதல் காரியமாகப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள், திரையை எட்டிப் பார்த்துவிடக்கூடாது என்று. அந்த வள்ளம் விலகியதும் மறுபடியும் சொருகுவார்கள். அதற்குள் நீரோட்டம் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போகும். பெட்டி விழிப்பதற்குள் மடையைத் தாண்டிவிட்டால், சுற்றி வந்து மறுபடி தேட வேண்டும்.

அலுவலகத்துக்குத் திரும்பி, புதிய பதிப்பில் என்ன மாறியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரிய மாற்றம் ஒன்றுதான். இந்த முறை கெர்னலை எண்ணிக்கை வைத்துக் கட்டியிருந்தோம்.

நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். நிரலில் ஆயிரக்கணக்கான கவர்ப்பாதைகள் உண்டு: இப்படியென்றால் இங்கே போ, இல்லையென்றால் அங்கே போ. எந்தப் பக்கம் அதிகம் போகும் என்பது கம்பைலருக்குத் தெரியாது, ஊகிக்கும். அதற்குப் பதிலாக, முதலில் எண்ணும் கெர்னல் ஒன்றைக் கட்டி ஓடவிடலாம். ஒவ்வொரு கவர்ப்பாதையிலும் எந்தப் பக்கம் எத்தனை தடவை போனது என்று அது எண்ணும். அந்த எண்ணிக்கையைக் கம்பைலரிடம் கொடுத்து மறுபடி கட்டினால், அடிக்கடி போகும் வழியை நேராகவும் வேகமாகவும் அமைக்கும். போகாத வழியைச் சுருக்கி ஒரு மூலையில் தள்ளும். நல்ல முறை. அதை முதலில் சொன்னவளே நான்தான். எண்ணிக்கை எடுக்கும் வேலையை மட்டும் தலைமை அலுவலகம் தன்னிடம் வைத்துக்கொண்டது.

அவர்கள் எடுத்த எண்ணிக்கையை வரவழைத்துத் திறந்தேன். பெட்டி எழுந்திருக்கும்போது ஓட வேண்டிய பகுதிகளுக்கு நேராக வரிசையாகப் பூஜ்யம். ஒரு தடவைகூட ஓடாத மாதிரி. ஓடாமல் எப்படி எழுந்தது? தலைமை அலுவலக மேலாளருக்குப் போன் செய்தேன்.

"அதுவா மேடம், பூட் ஆகி எழுந்ததும் எண்ணிக்கையை ஒரு தடவை அழிச்சிட்டோம். கணக்கு சுத்தமா இருக்கணும்ல."

"அதுக்கப்புறம்?"

"எட்டு மணி நேரம் விடாம ஓட்டினோம். மேசையிலேயே. மேப்பை நகர்த்தி, பெருசாக்கி, சின்னதாக்கி. ரிசல்ட் பாத்தீங்கல்ல, மேப் பறக்குது."

"நடுவுல கரண்ட்டைப் பிடுங்கிப் பாத்தீங்களா சார்?"

"எதுக்குப் பிடுங்கணும்? சாயங்காலம் முறையா ஷட்டவுன் பண்ணினோம். அப்படித்தான் பண்ணணும்னு மேனுவல்லயே இருக்கு. உங்க ஆளுங்களைப் படிக்கச் சொல்லுங்க. நீங்களும் ஒரு ரிப்போர்ட் அனுப்பிடுங்க, பயனாளர்கள் தவறாகப் பயன்படுத்தினார்கள்னு."

அந்த மேனுவல் முழுக்க ஆங்கிலம். கோபத்தோடு போனை வைத்தேன். ஒயரைப் பிடுங்கினால் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும். அடுத்த முறை எழும்போது கெர்னல் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மேலே போகும். குளச்சலில் இது ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை நடக்கிறது. மேசையில் ஒரு தடவைகூட நடக்கவில்லை; காலையில் எழுந்த ஒரே தடவையின் கணக்கையும் அழித்துவிட்டார்கள். கடலில் அதிகம் ஓடும் வழியைத் தேவையில்லாதது என்று முடிவு கட்டி மூலையில் தள்ளிவிட்டு, தவறு வள்ளத்துக்காரர்களுடையது என்கிறார்கள். ரிப்போர்ட்டை நான் அனுப்பவில்லை.

எண்ணும் கெர்னலை ஒரு பெட்டியில் ஏற்றிக்கொண்டு மறுபடி குளச்சலுக்குப் போனேன். வள்ளத்துக்காரர் தூண்டில் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கூட அவருடைய மச்சானும் இருந்தார். ரெண்டு நாள் இந்தப் பெட்டியுடன் கடலுக்குப் போய்வர வேண்டும் என்றேன்.

"இது என்ன எண்ணும்? எனக்க மடைய எண்ணிட்டுப் போயி எவனுக்காவது குடுக்கியதுக்கா?" என்றார் மச்சான்.

"இல்லை. கெர்னல் உள்ளே எந்த வழியில் எத்தனை தடவை போச்சுன்னு மட்டும்தான். வள்ளம் எங்கே நின்னதுன்னு இதில் பதியாது."

"மேடம் சொன்னா செரியாத்தான் இருக்கும். நீ சும்மா கெடல" என்று வள்ளத்துக்காரர் அவரை அடக்கினார்.

அப்போது நான் ஒரு நிபந்தனை சொன்னேன். எண்ணிக்கை பெட்டியின் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும், கார்டில் இல்லை; மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். ஆகவே இந்த ரெண்டு நாள் மட்டும் தயவுசெய்து ஒயரைப் பிடுங்க வேண்டாம்.

அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"பின்ன இது எங்களப் படிக்கியதுக்கா, இல்ல ஒங்க ஆபீசு மேசையப் படிக்கியதுக்கா?"

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு முகம் சுட்டது. மேலாளரிடம் எதற்காகக் கோபப்பட்டேனோ அதே காரியத்தை நானும் செய்யப் பார்த்திருக்கிறேன். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன். எழுந்து முடித்த உடனேயும், பிறகு ஒவ்வொரு நிமிடமும், எண்ணிக்கையை மெமரி கார்டில் எழுதிவைக்க ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒவ்வொரு முறை எழுந்தபோதும் கிடைத்ததை ஒன்றாகக் கூட்ட இன்னொன்று. இதில் இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் பெட்டியைக் கொடுத்து, எப்போதும்போல நடந்துகொள்ளுங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

ரெண்டு நாள் கழித்துக் கார்டு கைக்கு வந்தது. நாற்பத்தொரு தடவை ஒயர் பிடுங்கப்பட்டிருந்தது.

"ஒரு பய எங்களயே சுத்திட்டுக் கெடந்தான் மேடம். அவன் பார்வையே செரியில்ல" என்றார் வள்ளத்துக்காரர்.

அந்தப் பயலுக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். கூட்டிய எண்ணிக்கையை வைத்துக் கெர்னலைக் கட்டினேன். பத்தொன்பது விநாடி. பழைய பதிப்பைவிடவும் மூன்று குறைவு. சனிக்கிழமைக்குள் முப்பது பெட்டிகளிலும் ஏற்றி முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சங்கக் கட்டடத்தில் கூட்டம். மேலாளரும் காரில் வந்திருந்தார். தீர்மானம் கொண்டுவந்தவர் தானே தன் பெட்டியைத் தூக்கி வந்து, பேட்டரியுடன் நடுவில் வைத்தார். ஒயரைப் பிடுங்கினார், சொருகினார், செல்போனில் நேரம் பார்த்தார். பத்தொன்பது.

"ஏலே, இன்னொருக்கா வலிச்சிப் பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஐந்து தடவை பிடுங்கினார்கள். ஐந்திலும் அதேதான், ஒரு விநாடி முன்னே பின்னே. தீர்மானக்காரர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "செரி மக்கா, கெடக்கட்டும்" என்றார். வள்ளத்துக்காரர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அத்துடன் விட்டிருக்கலாம். மேலாளர் எழுந்து, இனி இப்படி நேராமல் இருக்கப் பெட்டியை முறையாக அணைப்பது எப்படி என்று உங்களுக்கு ஒரு வகுப்பு எடுப்போம் என்றார்.

கட்டடமே சிரித்தது.

"சாரே, வகுப்பு நாங்க எடுக்கோம். வெள்ளன வந்து வள்ளத்துல ஏறுங்க. வள்ளம் ஆடுனா சர்த்தி வரும், வாந்தியெடுக்க ஒரு பிளாஸ்டிக் கவரும் கொண்டாங்க" என்றார் வள்ளத்துக்காரர். மேலாளரும் சிரித்தார், அது வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு.

திரும்பும்போது அவர் காரில் ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும் சொன்னார்: "எல்லாம் சரி மேடம். ஆனா இதுல மேப் நகர்ற வேகம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. விளம்பரத்துல பழைய நம்பரைப் போட்டாச்சு. அடுத்த பதிப்புக்கு நம்ம மேசையிலேயே எடுத்துருவோம்."

"முப்பது பேர் இப்ப சிரிச்சது உங்க காதுல விழலையா சார்?"

"அவங்க அப்படித்தான். கடல்காரங்க."

திங்கள்நகர் வந்ததும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை; கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அந்த மெயிலை மனதில் எழுதி முடித்தேன். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அனுப்பினேன். கடலுக்குப் போய் வராத எண்ணிக்கையை வைத்து நான் கெர்னல் கட்ட மாட்டேன், வேறு யாரையாவது வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள் என்று இரண்டே வரி. பதினோரு நாள் பதில் இல்லை. பன்னிரண்டாம் நாள், எண்ணும் பெட்டி எந்த வள்ளத்தில் போக வேண்டும், யாரிடம் பேச வேண்டும் என்று கேட்டு ஒரு மெயில் வந்தது. தவறு எங்களுடையது என்று அதில் ஒரு சொல்கூட இல்லை.