பாஸ்டர் திருப்பிக் கொடுத்த லென்ஸ்

பாஸ்டர் ஞானசேகரன் இறந்துவிட்டார். இன்று காலை, கொள்ளிடத்து மணலில்.

போன் செய்தது பாஸ்டரம்மா. "சிஸ்டர், இவரு ஆத்துல விழுந்து கெடக்குறாராம்... ஆடு மேய்க்கிறவங்க பாத்துட்டு வந்து சொல்றாங்க." எனக்கு அழுகை வரவில்லை. செய்துவிட்டார்களா என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். போலீசும் வந்து பார்த்தது. நானும் பார்த்தேன், உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்தான். நம்புகிறேன்... ஆனாலும் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் இதை டைப் செய்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் எங்களுடையது சின்ன சபை. நான் அதில் பொருளாளர். பாஸ்டருக்குப் பறவைகளைப் படம் எடுக்கும் பைத்தியம்... காசை விழுங்கும் பைத்தியம்.

சபை கொடுக்கும் சம்பளத்தில் ஒரு ரூபாயைக்கூட அதற்குத் தொடமாட்டார். பம்ப்செட் மோட்டாருக்கு காயில் கட்டத் தெரியும் அவருக்கு. அந்தக் கூலியைச் சேர்த்துத்தான் பழைய கேமரா, பழைய லென்ஸ் எல்லாம். எது வாங்கினாலும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டுவார்.

"செகண்ட் ஹேண்டுங்க. மோட்டார் காயில் கட்டுன காசு. கேக்கணும்னு நினைக்கிறவங்க இங்கயே கேட்டுருங்க."

ஒருமுறை பெஞ்சமின் அண்ணன் எழுந்து கேட்டார். "காசு உங்களுதுதான் பாஸ்டர், சரி. நேரம் யாரோடது? எங்கம்மா சீரியஸா கெடந்தப்ப நீங்க ஆத்துல இருந்தீங்க."

பாஸ்டர் கையில் இருந்ததைக் கீழே வைத்தார். முகம் சுருங்கிப்போயிற்று. அதற்குப் பிறகு திங்கட்கிழமை காலையில் மட்டும்தான் ஆற்றுக்குப் போவார், அதுவும் நோயாளிகள் வீட்டுக்கெல்லாம் போன் செய்து விசாரித்துவிட்டு.

கோடையில் ஆற்று ஆலா என்று ஒரு பறவை வெறும் மணலில் முட்டையிடும். அதைப் படம் எடுத்து இதே ஃபேஸ்புக்கில் போட்டார். முட்டைக்குப் பக்கத்தில் லாரி டயர் தடம். அந்த இடத்தில் மணல் அள்ள யாருக்கும் அனுமதி இல்லை... அந்தப் படம் நிறைய ஷேர் ஆனது.

அடுத்த வாரம் கார் ஒன்று சபை வாசலில் வந்து நின்றது. இறங்கியவர் லாரி முதலாளி ஒருவரின் ஆள். ஒரு பெட்டியை மேஜைமேல் வைத்தார். "அண்ணன் காணிக்கையா குடுத்து விட்டாரு. கோடியக்கரைல நல்லா பறவை வருதாம். அங்க போய் எடுங்கன்னாரு."

உள்ளே வெள்ளை நிறத்தில் பெரிய லென்ஸ். புத்தம் புதிது. எங்கள் சபையின் ஒரு வருஷக் காணிக்கை அதற்குப் போதாது.

கார் போனதும் பாஸ்டர் அதைக் கேமராவில் மாட்டி ஜன்னல் வழியே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வைத்துக்கொள்வாரோ என்று நினைத்தேன்.

"நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்," என்றார். பிறகு கழற்றிப் பெட்டியில் வைத்தார். "வீட்டுல வச்சா நான் மாறிருவேன். இப்பவே போயிருவோம், நீங்களும் வாங்க."

அவருடைய பைக்கின் பின்னால், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். அது அந்த முதலாளி லாரிகளை நிறுத்தும் இடம். சுற்றிலும் ஆட்கள். எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

முதலாளி கோபப்படவே இல்லை. நாற்காலி போடச் சொன்னார். "ஊழியக்காரருக்குக் குடுத்தா புண்ணியம்னு குடுத்தேன். புடிக்கலையா?"

"ரொம்பப் புடிச்சிருக்குங்க. ஆசையாவும் இருக்கு. அதனாலதான் வேணாம்," என்றார் பாஸ்டர்.

முதலாளி சிரித்தார். "சரிங்க. ஆத்துப் பக்கம் தனியாவே போறீங்க... பாத்துப் போங்க."

அந்தக் குரல் எவ்வளவு மரியாதையாக இருந்தது. இன்றைக்கும் காதில் கேட்கிறது.

திரும்பும்போது டீக்கடையில் பைக்கை நிறுத்தினார். டீயைத் தொடாமல் வந்த ரோட்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். "பயமா இருக்கு சிஸ்டர்," என்றார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஆனா திங்கக்கிழமை போவேன்னுதான் நினைக்கிறேன்," என்றார்.

போனார். அதன்பின் அவர் பைக்குக்குப் பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்காமல் மெதுவாக வரும். முந்திப் போகாது, சும்மா வரும். பாஸ்டரம்மா திங்கட்கிழமைகளில் சமைக்காமல் ஜன்னல் ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பார். பாஸ்டர் வீடு திரும்பியதும் எனக்கு போன் வரும். "வந்துட்டாரு சிஸ்டர்." அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

இன்றும் திங்கட்கிழமை.

"இதெல்லாம் எழுதாத, நமக்குப் பொண்ணு இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வதும் சரிதான். யார் பெயரையும் நான் எழுதவில்லை. யார் மேலும் பழி போடவில்லை. டாக்டர் சொன்னதுதான் உண்மை. ஆனால் பாஸ்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதை விட்டுவிட்டு என்ன எழுதுவது...

நாளை பிற்பகல் எங்கள் சபையில் அடக்க ஆராதனை. கல்லறைத் தோட்டத்துக்கு அந்த லாரி ரோட்டில்தான் நடந்து போக வேண்டும். எங்கள் சபையில் ஆட்கள் குறைவு.

பக்கத்தில் இருக்கும் நண்பர்கள், எந்த மதமாக இருந்தாலும், முடிந்தால் வாருங்கள். கூட்டமாகப் போனால் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

போய் வாருங்கள், பாஸ்டர்.